பாதிப் பிடித்தம்

க்ளீவ்லாண்ட்,
அக்டோபர் 11, 2010

அன்புள்ள டோலிக்கு,

அண்ணன் ரே எழுதுவது. இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மடத்துச் சிஸ்டர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையின் மேல் சிஸ்டர் மேரி பெனடிக்டா என்று எழுதிவிடுகிறேன். உள்ளே டோலி என்றுதான் வருகிறது.

ஆலை மூடிய பிறகு என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். கடன் கட்ட முடியாதவர்களின் வீட்டை வங்கி ஜப்தி செய்கிறது அல்லவா? நம் தெருவிலேயே பதினொரு வீடு அப்படிக் கிடக்கிறது. விற்கும்வரை அந்த வீடுகளுக்குப் புல் வெட்ட வேண்டும், பூட்டு மாற்ற வேண்டும், விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களை அள்ள வேண்டும், பனிக்காலத்துக்கு முன்பு குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். அதுதான் என் வேலை.

ஆனால் வங்கி என்னைக் கூப்பிடுவதில்லை. வங்கி டெக்சாஸில் ஒரு கம்பெனியைக் கூப்பிடுகிறது, அவர்கள் கொலம்பஸில் ஒரு கம்பெனியைக் கூப்பிடுகிறார்கள், கொலம்பஸ்காரர்கள் என்னை. ஒரு புல்வெட்டுக்கு வங்கி எண்பது டாலர் கொடுக்கிறதாம். இரண்டு இடத்தில் உருவப்பட்டு என் கைக்கு வரும்போது இருபத்தைந்து. அதுவும் அறுபது நாள் கழித்து, அதுவும் போட்டோ சரியாக இருந்தால். போன வாரம் ஒரு வீட்டில் இரண்டு நாள் குப்பை அள்ளி எழுபத்துநாலு போட்டோ அனுப்பினேன். பணம் கிடையாது என்றாள் கொலம்பஸ் ஆபீஸ் பெண். ஏற்றுவதற்கு முன்னால் வண்டி காலியாக இருந்த போட்டோ இல்லையாம்.

“அப்போ குப்பையெல்லாம் தானா பறந்து போச்சாம்மா?” என்று கேட்டேன்.

“மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் சார். தொண்ணூறு நாள் ஆகும்” என்றாள், வெண்ணெய் மாதிரிக் குரலில்.

நல்லவேளை, லோனல் கூட இருக்கிறான். லோனல் டாகெட், இரண்டு வருடமாக என்னோடுதான். முன்பு பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்தவன். குழாய் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன், பேச்சு மட்டும் கிடையாது. நாள் முழுக்க நான் கொலம்பஸைத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன், அவன் கேட்டுக்கொண்டு வருவான். அவன் மனைவி பேர்லீனுக்கு ஜனவரியில் முழங்காலில் ஆபரேஷன். அவர்கள் கத்தோலிக்கர் இல்லை, பாப்டிஸ்ட் சபைக்காரர்கள், ஆனாலும் உன்னைப் பற்றிச் சொன்னதும் ஜெபிக்கச் சொல்லுங்கள் என்றாள். உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ரே


புனித கிளாரா மடம்,
நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இறைவனின் சமாதானம் உன்னோடு. எல்லோரும் நலம். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உன் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள், வீம்பு பண்ணாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பம் வெட்டப் போனேன். நற்கருணை அப்பத்தை வட்டம் வட்டமாக வெட்டுகிற இயந்திரத்தை நான் இழுத்த இழுப்பில், என்ன கோபம் என்று பக்கத்துச் சிஸ்டர் சைகையில் கேட்டார். காலி வண்டியின் போட்டோ இல்லை என்று ஒரு மனிதனின் இரண்டு நாள் உழைப்பைத் தின்பவர்களை நினைத்தால் எனக்கும் ஜெபம் வரவில்லை, திட்டுதான் வருகிறது.

ஒன்று கேட்க மறந்துவிடப் போகிறேன். உனக்கு இருபத்தைந்து என்றால் லோனலுக்கு எவ்வளவு?

பேர்லீனுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத் திருவருகைக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வருவதையும் கிறிஸ்துமஸ் அன்றுதான் மடத்துத் தலைவி மதர் கொடுப்பார். அதனால் பதில் வராவிட்டால் கவலைப்படாதே.

உன் தங்கை
டோலி


க்ளீவ்லாண்ட்,
டிசம்பர் 20, 2010

அன்புள்ள டோலிக்கு,

இது உன் கைக்கு வரும்போது கிறிஸ்துமஸ் ஆகியிருக்கும். வாழ்த்துகள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி என்னைப் பிடித்துக் குழியில் தள்ளியிருக்கிறார்கள்.

பாக்ஸ்டர் தெருவில் ஒரு வீடு. நவம்பர் ஒன்பதாம் தேதி நானும் லோனலும் போய், மீட்டரிலேயே தண்ணீரை அடைத்து, குழாய்களை வடித்து, காற்றை ஊதிவிட்டு வந்தோம். டிசம்பர் முதல் வாரம் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வீட்டைக் காட்ட வந்த தரகனோ, செம்புக் குழாய் திருட வந்தவனோ, யார் கண்டது? உறைந்து வெடித்து, மாடியிலிருந்து கீழ்த்தளம்வரை பனிக்கட்டி. கொலம்பஸ்காரர்கள் ஒரு விசாரணை கிடையாது, ஒரு போன் கிடையாது, என் கணக்கில் நாலாயிரத்து அறுநூறு டாலர் பிடித்தம் போட்டுவிட்டார்கள். அது தீரும்வரை ஒரு சல்லி வராது. இதுவரை செய்த வேலைக்கும் வராது. அந்தப் பெண்ணிடம் கத்தினேன். “ஒப்பந்தத்தில நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்” என்றாள். போட்டிருக்கிறேன். போடாவிட்டால் வேலை ஏது?

முழுவதையும் நான் ஒருவனே தாங்க முடியாது. குழாய் வடித்தது லோனல்தான். அதனால் பாதியை அவன் பேரில் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக் கூலியில் பாதி பாதியாகக் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. சொன்னபோது கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “சரி” என்றான். அவ்வளவுதான்.

இந்த அநியாயத்தைக் கேட்க நாட்டில் ஆளே இல்லையா?

குளிர் அதிகம். போர்த்திக்கொண்டு படு.

அண்ணன்
ரே


புனித கிளாரா மடம்,
ஜனவரி 3, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். இங்கே இரண்டு சிஸ்டர்களுக்குக் காய்ச்சல், நான் திடமாக இருக்கிறேன்.

யாரோ திறந்த தண்ணீருக்கு நீ பணம் கட்டுவதா? இரவு ஜெபத்தில் திருப்பாடல் சொல்லும்போதும் அதேதான் மனத்தில் ஓடியது. நீ ஒரு வேலைக்கு அறுபது எழுபது போட்டோ எடுக்கிறாய். பாக்ஸ்டர் தெரு வீட்டுக்கும் எடுத்திருப்பாய். அடைத்த மீட்டரை யாரும் எடுக்கவில்லையா? தேடு. கிடைத்தால் அதை அவர்கள் மூஞ்சியில் எறி. மன்னிக்கவும், மதர் இதைப் படிப்பார். மரியாதையாக அனுப்பிவை.

லோனல் பேரில் பாதி போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரைத் திறந்தது நீயும் இல்லை, அவனும் இல்லை. உன்மேல் விழுந்த அநியாயத்தில் பாதியை ஏன் அவனுக்குக் கொடுத்தாய்? போன கடிதத்தில் நான் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை.

உனக்காக ஜெபிக்கிற
டோலி


க்ளீவ்லாண்ட்,
ஜனவரி 29, 2011

டோலி,

சுகமா? நான் இருபது வயது குறைந்த மாதிரி இருக்கிறேன்.

நீ சொன்னது சரி. போட்டோ இருந்தது. அடைத்த மீட்டர், அதன் மேல் சிவப்பு முத்திரை, மூலையில் தேதி, எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக. அதோடு தண்ணீர் வாரியத்துக்குப் போய், டிசம்பர் இரண்டாம் தேதி தரகன் கேட்டுத்தான் திறந்தார்கள் என்று எழுதி வாங்கிவிட்டேன். இரண்டையும் கொலம்பஸுக்கு அனுப்பினேன். பிடித்தம் மொத்தமும் ரத்து. நாலாயிரத்து அறுநூறும் திரும்பி வந்துவிட்டது, போன வாரம் வங்கியில் போட்டேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, பார்த்துக்கொள். கொள்ளைக்காரர்கள்.

வண்டிக்கு நாலு டயரும் புதிதாகப் போட்டாயிற்று. வீட்டு ஹீட்டரையும் சரி பண்ணிவிட்டேன். நேற்றுதான் இரண்டு மாதத்துக்குப் பிறகு கோட்டுப் போடாமல் உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப் குடித்தேன். எல்லாம் உன் மூளை.

அண்ணன்
ரே


புனித கிளாரா மடம்,
பிப்ரவரி 10, 2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடவுளுக்கு நன்றி. காய்ச்சல்காரச் சிஸ்டர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். உன் கடிதத்தை மதர் ஓய்வு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார், கை தட்டினோம்.

அறைக்கு வந்து மறுபடி படித்தேன். அதில் லோனல் பெயர் இல்லை. முந்தின கடிதங்களில் எத்தனை தடவை எழுதியிருந்தாய். அந்தப் போட்டோவை எடுத்தது யார்? அவனிடமிருந்து கழித்ததைத் திருப்பிக் கொடுத்திருப்பாய். அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுது, எனக்கு அதைக் கேட்க ஆசை. பேர்லீனின் முழங்கால் என்ன ஆயிற்று?

மார்ச் ஒன்பது திருநீற்றுப் புதன், அன்று தவக்காலம் தொடங்குகிறது. தவக்காலத்திலும் கடிதம் கிடையாது. அதற்கு முன்னால் இரண்டு வரி போடு.

உன் தங்கை
டோலி


க்ளீவ்லாண்ட்,
மார்ச் 2, 2011

மரியாதைக்குரிய சிஸ்டர் பெனடிக்டா அவர்களுக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் வணக்கம். நான் பேர்லீன் டாகெட், உங்கள் அண்ணனோடு வேலை செய்கிற லோனலின் மனைவி. நீங்களும் மற்றவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் சபையில் கன்னியாஸ்திரீகளுக்கு எழுதும் வழக்கமில்லை. தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கோல் பிடித்து அடுப்படிவரை நடக்கிறேன். உங்கள் ஜெபம்தான்.

இன்னொரு ஜெபம் கேட்கலாமா? அந்தப் பாக்ஸ்டர் தெருக் குழாய் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொலம்பஸ்காரர்கள் இன்னும் விடவில்லையாம். உங்கள் அண்ணன் பாவம், ஒவ்வொரு வெள்ளியும் லோனல் கூலியில் பாதியைக் கழிக்கும்போது, “என் கழுத்தையும் சேர்த்துத்தான் நெரிக்கிறாங்க, நான் என்ன பண்ண” என்று வருத்தப்படுகிறாராம். பணம் கட்ட முடியாததால் போன மாதம் எங்கள் வீட்டைச் சூடாக்குகிற எரிவாயுவை வெட்டிவிட்டார்கள். மின்சார ஹீட்டர் ஒன்று கடன் வாங்கி ஒரே அறையில் இருக்கிறோம். லோனல் வாய் திறக்க மாட்டார். தான் ஒழுங்காக வடிக்காமல் விட்டோமோ என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டார். மீட்டரை அடைத்துப் போட்டோ எடுத்ததே அவர்தான் சிஸ்டர். ஆனாலும் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, அடைத்தேனா என்று கேட்கிறார்.

அந்தக் கொலம்பஸ்காரர்களின் மனம் இளக ஜெபியுங்கள். உங்கள் அண்ணனுக்காகவும்.

அன்புடன்
பேர்லீன் டாகெட்


புனித கிளாரா மடம்,
மார்ச் 12, 2011

அண்ணா,

தவக்காலத்தில் இந்த ஒரு கடிதத்துக்கு மதரிடம் முழங்காலிட்டு அனுமதி வாங்கினேன். நலம் விசாரிக்க வேண்டும். நீ நலமாக இருப்பாய். உன் வீட்டில் ஹீட்டர் எரிகிறது.

பேர்லீன் எழுதியிருக்கிறாள். உனக்காக ஜெபிக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள்.

ஜனவரியிலேயே பணம் வந்துவிட்டது என்று நீ எழுதின கடிதம் என் மேஜைமேல் இருக்கிறது. அந்த மனிதன் எடுத்த போட்டோவைக் காட்டித்தான் அந்தப் பணத்தை வாங்கினாய். வாங்கிவிட்டு அவன் கூலியையும் கழித்தாய். போதாதென்று, அவனே தப்புச் செய்தான் என்று அவனை நம்பவிட்டாய். அவன் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறான், தெரியுமா? கொலம்பஸ்காரன் உன்னிடம் பணத்தைத்தான் திருடினான். நீயோ லோனலுக்குத் தன் கைவேலையின்மேல் இருந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டாய்.

நீதான் என்னைப் படிக்கவைத்தாய். இரட்டை ஷிப்ட் பார்த்துப் படிக்கவைத்தாய். அதை நான் மறக்கவில்லை, அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு நான் பதில் எழுத வேண்டும். உன் பொய்யை உறையில் போட்டு ஆசீர்வாதம் என்று அனுப்ப என்னால் முடியாது. ஏப்ரல் பதினேழு, குருத்து ஞாயிறுவரை காத்திருப்பேன். அதற்குள் நீயே போய்ச் சொல், பணத்தைக் கொடு.

டோலி


புனித கிளாரா மடம்,
ஏப்ரல் 18, 2011

அன்புள்ள பேர்லீனுக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டின்மேல் இருக்கட்டும். முழங்கால் தேறிவருவதில் மகிழ்ச்சி. பதில் எழுதத் தாமதித்தேன், அதற்கு மன்னியுங்கள். என் அண்ணனே வந்து உங்களிடம் சொல்வான் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். எனக்கு அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. உங்களிடமும் அவன் எதுவும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இத்துடன் அவன் ஜனவரி 29 அன்று எனக்கு எழுதின கடிதத்தை வைத்திருக்கிறேன். நகல் இல்லை, அவன் கையெழுத்தில் உள்ளதே. அதில் எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு எது நியாயம் என்று படுகிறதோ அதற்கு அதைப் பயன்படுத்துங்கள். எனக்காகத் தயங்க வேண்டாம்.

உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: அவர் அடைத்தார். சரியாகத்தான் அடைத்தார்.

சிஸ்டர் மேரி பெனடிக்டா


க்ளீவ்லாண்ட்,
மே 2, 2011

மரியாதைக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள், பெரிய வெள்ளி அன்றுதான், உங்கள் அண்ணன் கடைசி ஐம்பது டாலரைக் கழித்துக்கொண்டு, “இன்னையோட தீர்ந்தது லோனல்” என்று தோளில் தட்டி அனுப்பியிருந்தார்.

லோனல் அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். கத்தவில்லை. “டயர் புதுசா இருக்கேன்னு கேட்டேன் பேர்லீன். கடன்ல போட்டேன்னு சொன்னான்” என்றார். பிறகு நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் உட்கார்ந்தார். அன்று இரவு விடியும்வரை தூங்கினார். எனக்கு அதுதான் பெரிது.

திங்கள்கிழமை வேலைக்குப் போகவில்லை. நகராட்சிக் கட்டடத்தில் இருக்கிற சிறு வழக்கு மன்றத்துக்குப் போய் இரண்டாயிரத்து முந்நூறு டாலருக்கு வழக்குப் போட்டுவிட்டார். மே 24 விசாரணை. நான் தடுக்கவில்லை, உங்கள் அண்ணன் என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை அங்கே காட்ட வேண்டியிருக்கும். முடிந்ததும் திருப்பி அனுப்பவா?

உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு அண்ணன் உண்டு.

பேர்லீன் டாகெட்


க்ளீவ்லாண்ட்,
ஜூன் 5, 2011

அன்புள்ள டோலிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மார்ச் கடிதம் வந்தது. படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போய்விட்டேன். என் கடிதத்தை நீ அவர்களிடம் கொடுத்தது தெரிந்ததும், எனக்குத் தங்கையே இல்லை என்று பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கோர்ட்டுக்குத் தயாராகத்தான் போனேன். கொலம்பஸ்காரர்கள் என்னிடம் கையெழுத்து வாங்கின ஒப்பந்தத்தையே, பெயர்களை மட்டும் மாற்றி லோனலிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். உனக்கு அதைச் சொன்னதில்லை. நீ கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. ஒரு புல்வெட்டுக்கு அவனுக்குப் பத்து டாலர்.

நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண். இவர் என் வேலையாள் இல்லை, தனி ஒப்பந்தக்காரர், சேதத்துக்குப் பொறுப்பு இவருடையது என்று அந்தத் தாளிலிருந்து வாசித்தேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, கொலம்பஸ் கம்பெனி உங்கள் பிடித்தத்தை ரத்து செய்ததா என்று கேட்டார். அது எனக்கும் அவர்களுக்கும் உள்ளது என்றேன். பேர்லீன் கோலை ஊன்றி எழுந்து வந்து உன்னிடமிருந்து வந்த உறையை வைத்தாள். நீதிபதி வாசித்தார், சத்தமாக இல்லை, ஆனாலும் கேட்டது. நாலு டயர். ஹீட்டர். முட்டைக்கோஸ் சூப்.

“இது உங்க கையெழுத்துதானா மிஸ்டர் வ்ரோபெல்?”

ஆமாம் என்றேன்.

இரண்டாயிரத்து முந்நூறும், கோர்ட் செலவும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. புல்வெட்டும் பெரிய இயந்திரத்தை விற்று ஆயிரத்து நூறு கொடுத்துவிட்டேன். மீதி மாதா மாதம். லோனலுக்குப் பழையபடி ஒரு பள்ளிக்கூடத்தில் கொதிகலன் வேலை கிடைத்துவிட்டதாம். அதையும் வேறு ஆள் சொல்லித்தான் தெரியும்.

தீர்ப்பு முடிந்து தாழ்வாரத்தில் அவனிடம் போனேன். கொலம்பஸ்காரர்கள் என்னை எப்படி நெரித்தார்கள் என்று உனக்கே தெரியும் லோனல், எனக்கும் வேறு வழி தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“தெரியும் ரே. நீ அவங்களைத் திட்டினப்ப எல்லாம் நான் பக்கத்து சீட்லதானே உக்காந்திருந்தேன்.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பேர்லீனின் கையைப் பிடித்து மெதுவாகப் படி இறக்கிக் கூட்டிப்போய்விட்டான். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பஸ் இருக்கிறது என்றாள் அவள்.

முந்தாநாள் காலை வண்டியில் போகும்போது கொலம்பஸிலிருந்து அழைத்தார்கள். இந்த மாதத்திலிருந்து ஒரு புல்வெட்டுக்குப் பதினெட்டு டாலர்தானாம். போனை வைத்துவிட்டுத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வண்டியில் என்னைத் தவிர யாருமில்லை.

நேரம் கிடைக்கும்போது எழுது. எழுதுவாய் அல்லவா?

அண்ணன்
ரே